மாயா நகரங்களும் நமது ராஸ் தீவும்: இடிபாடுகளைப் பார்க்கும் விதம்

மாயா நாகரிகம் என்றவுடன் நம்மில் பலருக்கு ஒரே ஒரு படந்தான் மனத்தில் தோன்றும். அடர்ந்த காடு, நடுவே படிப்படியாக உயரும் ஒரு கற்கோயில், அதன்மேல் பாம்புபோல் சுற்றிப் படர்ந்த பெரிய வேர்கள், பக்கத்திலே எங்கோ அருவியின் ஓசை. மெக்சிகோ, குவாதமாலா, பெலிஸ், ஹோண்டுராஸ் ஆகிய நாடுகளில் இவற்றைக் காணப் பெரும் பொருட்செலவில் செல்வோர் இருக்கின்றனர். நாமோ புரோத்ராபூரில் பேருந்து ஏறி, அபர்தீன் துறையில் படகு பிடித்தால், அதே காட்சியைச் சிறிய அளவில் அரை நாளில் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டிற்கு வீடு திரும்பலாம். நான் சொல்வது ராஸ் தீவை. 2018 முதல் அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. ஊர்ப்பேச்சில் பழைய பெயர் இன்னும் போகாததால் இக்கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன்.

சங்கக் குடும்பங்கள் பல அங்கே போய் வந்திருப்பார்கள். மானைப் பார்த்தோம், மயிலைப் பார்த்தோம், மரத்தடியில் படம் எடுத்தோம் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. ஓர் இடிபாட்டை எப்படிப் பார்க்க வேண்டும் என்று யாரும் நமக்குக் கற்றுத் தரவில்லை. சுவரும் பாலமும் பார்ப்பதே தொழிலாக இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வயது. ராஸ் தீவின் மாதா கோயிலுக்கு முன்னால் நின்று, "இது எத்தனை ஆண்டு பழையது?" என்று என் பேரப்பிள்ளைகளைக் கேட்டேன். பெரியவன் ஆயிரம் என்றான், சின்னவள் இரண்டாயிரம் என்றாள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கூரையில்லாத சுவர்கள், அவற்றை விழுங்கிக்கொண்டிருக்கும் வேர்கள் எல்லாம் அப்படித்தான் சொல்லத் தோன்றும். ஆனால் கணக்கு வேறு. 1858 மார்ச் மாதம் டாக்டர் ஜே.பி. வாக்கர் என்பவர் 200 கைதிகளுடன் இங்கே வந்திறங்கினார். முந்தைய ஆண்டின் பெருங்கிளர்ச்சியை அடுத்து நாடு கடத்தப்பட்டவர்கள் அவர்களில் பலர். அன்று ராஸ் தீவு முழுக் காடு. அந்தக் கைதிகள்தான் அதை வெட்டித் திருத்தினார்கள். பிறகு 1942 வரை, 84 ஆண்டுகள், அந்தமான் நிர்வாகத்தின் தலைமையிடம் அதுவே. தலைமை ஆணையர் மாளிகை, மாதா கோயில், ரொட்டிச் சாலை, அச்சகம், கிளப், நடன அரங்கம், டென்னிஸ் மைதானம், நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் என்று ஒரு சிறு நகரமே அங்கு இருந்தது.

ஆகவே நாம் பார்க்கும் அந்த 'ஆதிகாலத்து' வேர்கள் பெரும்பாலும் 1942க்குப் பின் வளர்ந்தவை. ஆள் நடமாட்டம் உள்ள கட்டடத்தில் அவை அவ்வளவு வளர விட்டிருக்க மாட்டார்கள். மாயாக்களின் தெற்குச் சமவெளி நகரங்கள் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. அவை ஆயிரத்து நூறு ஆண்டுகளாகக் காட்டில் நிற்கின்றன. நம்முடையதற்கு எண்பது ஆண்டுதான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழையும், உப்புக்காற்றும், அத்திக்குலத்து மரங்களும் சேர்ந்தால் எண்பது ஆண்டுகளே போதும். இடிபாட்டின் தோற்றத்தைக் கொண்டு அதன் வயதைச் சொல்லக்கூடாது என்பதை இந்த ஒரு தீவிலேயே பிள்ளைகள் கற்றுக்கொள்ளலாம்.

வேர் எப்படிச் சுவருக்கு வருகிறது?

ஆல், அரசு, அத்தி இவையெல்லாம் ஒரே குலம். பழத்தைப் பறவையும் வௌவாலும் தின்று எச்சமிடுகின்றன. விதை சுவரின் மேல்விளிம்பிலோ, மழைநீர் தேங்கும் வெடிப்பிலோ விழுகிறது. கொஞ்சம் தூசியும் ஈரமும் இருந்தால் போதும், முளைத்துவிடும். தரையில் விழுந்த விதைக்கு இருட்டும் போட்டியும் உண்டு. சுவர் உச்சியில் விழுந்ததற்கு வெயில் தாராளம். அது தண்ணீர் தேடி வேரைக் கீழே அனுப்புகிறது. அந்த மெல்லிய வேர் மண்ணைத் தொடும் வரை செடி குழந்தைதான். தொட்ட பிறகு அது ராட்சதன். வேர் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டி, வலைபோல் சுவரை இருபுறமும் பிடித்துக்கொள்கிறது.

பழைய கட்டடங்களில் சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்புக் காரைதான். சுண்ணாம்புக் காரை ஈரத்தை உறிஞ்சி மெதுவாக வெளியே விடும். சுவர் மூச்சு விடுகிறது என்று பழைய கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். வேருக்கு அந்த ஈரம் பிடிக்கும். செங்கல் இணைப்புகளின் வழியே நூல் நுழைவது போல நுழைந்து, பிறகு பருமனாகிச் செங்கலை நகர்த்தும். இதைப் பார்த்துவிட்டு, வெடிப்பிலெல்லாம் சிமெண்டைப் பூசிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறான வைத்தியம். சிமெண்ட் கடினமானது, ஈரத்தை வெளியே விடாது. உள்ளே சிக்கிய ஈரமும் உப்பும் செங்கலின் முகத்தைச் செதில் செதிலாக உரித்துவிடும். சில ஆண்டுகளில் சிமெண்ட் இணைப்பு மட்டும் வலைபோல நிற்க, செங்கல் உள்ளே குழிந்து போயிருக்கும். கடற்கரை ஊர்களில் இதைக் கண்கூடாகக் காணலாம்.

ரயில்வேயில் பாலங்களைச் சோதிக்கும்போது தூண்களிலும் பக்கச் சுவர்களிலும் ஆலஞ்செடி, அரசஞ்செடி முளைத்திருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் கடமைகளில் ஒன்று. விரல் பருமனில் இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். தண்டை மட்டும் வெட்டினால் ஒன்றுக்கு நான்காகத் துளிர்க்கும். கேங்மேன்கள் இதை எங்களைவிட நன்றாக அறிவார்கள். ஆனால் மரம் பெரிதாகிச் சுவரையே கட்டிப் பிடித்துவிட்ட பிறகு கதை வேறு. அப்போது மரத்தை வெட்டினால், உள்ளே வேர் அழுகிப் பொந்தாகும். பிடி விட்டதும் சுவர் சரியும். இத்தனை நாள் சுவரை உடைத்ததும் அந்த மரந்தான், இன்று அதை நிறுத்தி வைத்திருப்பதும் அந்த மரந்தான். கம்போடியாவின் தா ப்ரோம் கோயிலில் பழுதுபார்க்கும் பணியை நம் இந்தியத் தொல்லியல் துறையினர் 2000-களில் ஏற்றபோது அவர்களுக்கும் இதே சிக்கல்தான். மரத்தை எடுப்பதா, விடுவதா? பெரிய மரங்களை விட்டுவைத்தே வேலை நடந்தது.

ராஸ் தீவைப் பற்றி என் அபிப்பிராயமும் அதுவே. பெரிய மரங்களைத் தொடவேண்டாம். இன்னும் பிடிபடாத சுவர்களில் ஆண்டுக்கு இருமுறை இளஞ்செடிகளைக் களைந்தால் போதும். செலவு குறைவு, ஆள் ஏணி ஏற வேண்டியதுதான். படம் எடுக்க வருவோருக்கு மரம் சுற்றிய சுவர்தான் வேண்டும். நின்று நிலைக்க வேண்டியது மரம் சுற்றாத சுவர். இரண்டில் ஒன்றையே எப்போதும் பார்த்துக்கொண்டிருந்தால் மற்றது சத்தமில்லாமல் போய்விடும். எழுபது வயதை நெருங்கும் எனக்கு அதைப் பார்க்கும் அவசியம் வராது. என் பேரப்பிள்ளைகளுக்கு வரும்.

வெடிப்பைப் படித்தல்

1941 ஜூன் 26 அன்று அந்தமானில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ரிக்டர் அளவில் ஏறக்குறைய 7.7 என்பர். செல்லுலர் சிறையின் நடுக் கோபுரமும் ராஸ் தீவின் கட்டடங்களும் சேதமடைந்தன. ஒன்பது மாதம் கழித்து, 1942 மார்ச் 23-இல் ஜப்பானியர் வந்திறங்கினர். 'நிலநடுக்கத்தால் வெள்ளைக்காரன் ராஸை விட்டு ஓடிவிட்டான்' என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கமாக இருக்கிறது. நடுக்கம், போர், பின்னர் கவனிப்பாரில்லாமை என்று மூன்றும் சேர்ந்தே அந்த ஊரை முடித்தன. ஜப்பானியர் கட்டிய பதுங்கு அறைகள் இன்றும் தீவில் உள்ளன. கடைசித் தலைமை ஆணையரின் பெயர் சி.எஃப். வாட்டர்ஃபால். அருவி என்று பெயர் கொண்டவர் ஜப்பானியரிடம் கைதியானார். அருவிகளைப் பற்றியும் எழுத எண்ணிய எனக்கு இந்தப் பெயரைக் கண்டதும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும்.

எந்த வெடிப்பு நிலநடுக்கத்தால் வந்தது, எது வேரால் வந்தது என்று பிரித்தறிய ஒரு சுலபமான வழி உண்டு. நிலம் பக்கவாட்டில் ஆடும்போது சுவர் குறுக்காக இழுபடும். கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும் வெடிப்பும், இரு சன்னல்களுக்கு இடையே பெருக்கல் குறிபோல் விழும் வெடிப்பும் பெரும்பாலும் நடுக்கத்தின் கைவேலை. அஸ்திவாரம் ஒருபுறம் இறங்கியிருந்தால் செங்கல் இணைப்புகளின் வழியே மாடிப்படிபோல வெடிப்பு ஏறும். வேரின் வெடிப்பு உச்சியில் அகலமாகத் தொடங்கிக் கீழே வரவரக் குறுகும். உள்ளே பார்த்தால் குற்றவாளி அங்கேயே உட்கார்ந்திருப்பான். சில இடங்களில் நடுக்கம் திறந்து வைத்த வாசலில் வேர் குடியேறியிருக்கும். அப்போது இருவரையும் கூட்டாளிகள் என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

வாசல்களின் மேற்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ராஸ் தீவில் இருப்பது செங்கல் வளைவு. ஒவ்வொரு செங்கலும் பக்கத்துச் செங்கலை நெருக்கி நிற்பது. மாயாக்கள் இந்த வளைவைப் பயன்படுத்தவில்லை. இருபுறச் சுவரிலிருந்தும் கல்லை வரிசைக்கு வரிசை சற்றே முன்னே நீட்டி, மேலே இரண்டும் நெருங்கியதும் ஒரு மூடுகல்லை வைத்தார்கள். நம் கோயில் சிற்பிகள் கதலிகாகரணம் என்று சொல்வது இதுவே. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உள்வெளி இம்முறையில் எழுந்ததுதான். இம்முறையில் அகலமான கூடம் கட்ட முடியாது. மாயா அறைகள் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும் என்பதை அறிவேன். மயன் என்னும் நம் சிற்ப முனிவனுக்கும் மாயாக்களுக்கும் தொடர்பு உண்டென்று, குமரிமுனையில் வள்ளுவர் சிலை அமைத்த கணபதி ஸ்தபதியார் பேசியும் எழுதியும் வந்தார். அவருடைய கைவேலைக்கு முன் தலைவணங்குகிறேன். ஆனால் இந்தக் கருத்தை ஏற்க எனக்குச் சான்று போதவில்லை. கல்லை முன்னே நீட்டி அடுக்குவது எந்த நாட்டுக் கொத்தனாருக்கும் தோன்றக்கூடியது. பெயர் ஒலிப்பு ஒத்துப்போவது சான்றாகாது. தமிழனின் கடல் பயணத்திற்குக் கல்வெட்டுச் சான்று வேண்டுமென்றால் அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் நடத்திய கடற்படையெடுப்பைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று நிக்கோபார் இடம்பெறுகிறது. அது நம் பக்கத்து வீடு.

தண்ணீர்

இடிபாட்டைப் பார்க்கும்போது நான் கேட்கும் அடுத்த கேள்வி, "இவர்கள் எதைக் குடித்தார்கள்?" என்பதே. இதற்கு மாயாக்கள் நல்ல பாடம். மெக்சிகோவின் சியாப்பாஸ் மாநிலத்தில் பலெங்கே என்ற நகரம் மலைச்சரிவில் உள்ளது. ஏராளமான ஊற்றுகள். ஓதுலும் என்ற ஓடையை நகரச் சதுக்கத்தின் அடியில் கல்லால் மூடிய கால்வாயில் செலுத்தி, வெள்ளத்தைத் தடுத்து, மேலே நடக்க இடமும் செய்துகொண்டார்கள். ரயில் பாதையின் அடியில் நாங்கள் கட்டும் கல்வெர்ட்டுக்கு அண்ணன் என்று சொல்லலாம். அங்கேயே இன்னொரு கால்வாய் உண்டு. ஏறக்குறைய 60 மீட்டர் நீளத்தில் 6 மீட்டர் இறக்கம். கடைசியில் வாய் திடீரென மிகக் குறுகுகிறது. அழுத்தம் உண்டாக்கி நீரை மேலே பீய்ச்சவே இப்படிச் செய்தனர் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2010 வாக்கில் எழுதினர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6 மீட்டர் நீருயரம் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோ அழுத்தம். உராய்வைக் கழித்தாலும் ஊற்றுப்போல எழ அது போதும். எதிர்மாறாக, குவாதமாலாவின் திக்காலில் பக்கத்தில் ஆறே இல்லை. மழைநீரைப் பெரும் ஏரிகளில் தேக்கியே அந்த மாநகரம் வாழ்ந்தது. அங்கே 65 மீட்டர் உயரக் கோயில்கூட உண்டு. நீண்ட வறட்சிகள் வந்தபோது அந்த ஏரிகள் கைகொடுக்கவில்லை. மாயா நகரங்கள் வீழ்ந்ததற்குப் போரும் அரசியலும் காரணங்கள் என்றாலும், வறட்சியை ஒதுக்கிவிட முடியாது. மக்கள் மறைந்துவிடவில்லை, நகரங்களை விட்டார்கள், அவ்வளவே. மாயா மொழிகளைப் பேசுவோர் இன்றும் பல இலட்சம் பேர் இருக்கிறார்கள்.

நமக்கோ ஆண்டுக்கு மூன்று மீட்டர் மழை. ஆனாலும் மார்ச், ஏப்ரலில் குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்பதை நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். நிலம் சரிவு, கடல் பக்கம், ஓடைகள் குட்டை; பெய்த மழை சில மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடுகிறது. தானிக்காரி அணை ஒன்றை நம்பியே ஊர் நெடுங்காலம் இருந்தது. பெரிய ஆறு என்று சொல்லத்தக்கது வடக்கே திக்லிப்பூர்ப் பக்கம் ஓடும் கல்போங் மட்டுமே. 732 மீட்டர் உயரமுள்ள சாடில் சிகரப் பகுதியில் பிறப்பது. அதில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் 2001 முதல் உள்ளது.

அருவி பார்க்க விரும்புவோர் லிட்டில் அந்தமான் போக வேண்டும். ஹட் பே துறையிலிருந்து ஆறேழு கிலோமீட்டரில் வொயிட் சர்ஃப் என்னும் அருவியும், இன்னும் உள்ளே காட்டில் விஸ்பர் வேவ் என்னும் அருவியும் இருக்கின்றன. குற்றாலத்தை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். காட்டைப் பார்க்கப் போனால் ஏமாற்றம் இல்லை. அருவி ஏன் அந்த இடத்தில் விழுகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். மேலே கடினப் பாறை, கீழே மெதுவான பாறை என்றால், கீழ்ப்பாறையை நீர் அரித்துக் குடைகிறது; மேற்பாறை விளிம்பாக நிற்கிறது; காலப்போக்கில் அதுவும் ஒடிந்து விழ, அருவி பின்வாங்குகிறது. இது பொது விதி. மெக்சிகோவின் அகுவா அசுல் இதற்கு நேர்மாறு. சுண்ணாம்பு கரைந்த நீர் அங்கே ஓடுகிறது. துள்ளி விழும் இடத்தில் நீரிலுள்ள வாயு பிரிய, சுண்ணாம்பு மறுபடி கல்லாகப் படிகிறது. விழுந்த கிளை, வேர் எல்லாவற்றின்மேலும் படிந்து அருவியே தன் படிகளைக் கட்டிக்கொள்கிறது. நம் பாரதாங் தீவின் சுண்ணாம்புக் குகையில் மேலிருந்து கூம்பு கூம்பாகத் தொங்குவதும் இதே வேதியியல்தான். அங்கே சாலை வழியாகப் போவோருக்கு ஒரு வார்த்தை: அது ஜாரவா மக்களின் வீட்டு வாசல். அவர்கள் காட்சிப்பொருள் அல்லர். காமிராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். சட்டமும் அதையே சொல்கிறது. லிட்டில் அந்தமானில் ஓங்கி மக்களின் பகுதிக்கும் இது பொருந்தும்.

ரயில்வேக்காரன் எழுதும் கட்டுரையில் ரயில் இல்லாமல் போகலாமா? மாயா இடிபாடுகளை உலகிற்கு அறிமுகப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் ஜான் லாயிட் ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கர். ஓவியர் கேதர்வுட்டுடன் 1839-40இல் கோவேறு கழுதை மேல் அந்தக் காடுகளில் அலைந்தார். கோபான் என்ற நகரத்தின் இடிபாட்டையே 50 டாலருக்கு விலைபேசி வாங்கினார். பலெங்கேயில் இடிந்த அரண்மனைக்குள் கொசுக்கடியில் தங்கினார். அவர் பின்னாளில் பனாமா ரயில்வே கம்பெனியின் தலைவரானார் என்பதை அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. 1855இல் அப்பாதை இரு பெருங்கடல்களை இணைத்தபோது பார்க்க அவர் உயிரோடு இல்லை, 1852இலேயே காலமானார். இப்போது பலெங்கேக்கே ரயில் போகிறது. 'மாயா ரயில்' என்ற புதிய பாதை 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதற்காகக் காடு வெட்டியதில் பெரும் எதிர்ப்பு எழுந்ததும் உண்மை. நம் தீவில் திக்லிப்பூர் வரை 240 கிலோமீட்டர் ரயில் பாதை என்று பேச்சு அடிபட்டது. அந்தக் காட்டையும் மழையையும் பார்த்தவன் என்ற முறையில் அதைக் கேட்டு நான் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பவில்லை.

ராஸ் தீவில் எனக்கு ஒரு குறை உண்டு. மாளிகையில் யார் இருந்தார், எந்த அறையில் நடனம் நடந்தது, தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்பதெல்லாம் பலகையில் இருக்கிறது. செங்கல் சுமந்தவன் பெயர் எங்கும் இல்லை. பலெங்கேயில் 683இல் இறந்த பக்கால் மன்னனின் கல்லறையை 1952இல் திறந்தார்கள். அவன் பெயரும் நாளும் கல்லிலேயே இருந்தன. கல்லைச் சுமந்தவர்கள் பெயர் அங்கும் இல்லை. செல்லுலர் சிறையில் அரசியல் கைதிகளின் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள், அது நல்ல காரியம். ஆனால் 1858 முதல் வந்த சாதாரணக் கைதிகளும் இந்தத் தீவைக் கட்டினார்கள். இன்று இங்கு வாழும் பல குடும்பங்கள் அவர்களின் வழி வந்தவை.

சங்கத்தின் சார்பில் பிள்ளைகளை அழைத்துப் போக எண்ணுவோர் புதன்கிழமையைத் தவிர்க்கவும். அன்று தீவு மூடியிருப்பது வழக்கம். 1979 முதல் அது கடற்படையின் பொறுப்பில் இருப்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். காலை முதல் படகே நல்லது. ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், குழுவுக்கு ஓர் அளவு நாடா. சுவரைச் சுரண்டவோ வேரில் ஏறவோ விடக்கூடாது. செங்கலின் நீள அகல உயரத்தை அளக்கட்டும். ஒரு வரிசையில் நீளப்பக்கம் எத்தனை, தலைப்பக்கம் எத்தனை என்று எண்ணட்டும். ஒரு வெடிப்பையாவது வரைந்து, அது வேரா நடுக்கமா என்று தங்கள் தீர்ப்பைக் கீழே எழுதட்டும். தேதி போடச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடி அளக்க அது வேண்டும்.